ஊசி எடுத்த கை

நர்ஸ் பிரிமிதிவா கொல்கே தெருவில் வந்தால் நாய்கள்கூடக் குரைப்பதில்லை. அவற்றுக்குப் பழகிவிட்டது, மனிதர்களுக்குத்தான் இன்னும் பழகவில்லை. "இரத்தக்காரி வருது, புள்ளைங்கள உள்ள இழு" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் அதே மலைப் பள்ளத்தாக்கின் மண்சுவர் வீட்டில் பிறந்தவள்தான் என்பது எல்லாருக்கும் வசதியாக மறந்துபோனது.

அந்த மண்சுவர் வெடிப்பில் குடியிருக்கும் பூச்சி கடித்தால், ஒரு கிருமி இரத்தத்தில் ஏறி, இருபது வருடம் சும்மா இருந்துவிட்டு இதயத்தைத் தின்னும். நகரத்து ஆஸ்பத்திரியில் இதயம் வீங்கி வந்த ஆண்களை எட்டு வருடம் பார்த்தாள். காப்பாற்ற முடியாத ஆட்களுக்குத் தலையணை மாற்றுவது ஒரு பிழைப்பா என்று வெறுத்துப்போய், பச்சைக் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வுக் குழுவில் சேர்ந்தாள். பிறகு சுகாதார நிலைய நர்ஸாக ஊருக்கே வந்தாள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் இரத்தம் எடுத்தாள், சுவருக்கு மருந்தடித்தாள். பூச்சியைப் பிடித்துச் சோதனைக்குத் தீப்பெட்டியில் கொண்டுவரச் சொன்னாள். தீப்பெட்டிகள் வந்தன. கொண்டுவந்தவர்கள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். பதினாலு வருடமாகத் தனியாகத்தான் சாப்பிட்டாள்.

மலைமேல் வீட்டுப் பசிலியா மட்டும் கதவைத் திறந்தாள். அவளுடைய கைக்குழந்தை சிஸாவுக்குப் பிறக்கும்போதே தாய்வழியாகக் கிருமி வந்திருந்தது. அறுபது நாள், தினமும் காலையில் பிரிமிதிவா மலையேறிப் போய் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள். பசிலியா சூடாக ஊதா மக்காச்சோளக் கஞ்சி கொடுப்பாள். இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து குடிப்பார்கள்.

பத்து மாதமானதும் பசிலியா கேட்டாள்: "அக்கா, சிஸாவுக்கு மொத முடி எடுக்கப் போறோம். நீதான் ஞானத்தாயா இருந்து மொத கொத்த வெட்டணும்."

முதல் கொத்தை வெட்டுகிறவள் சாகும்வரை அந்த வீட்டுக்கு உறவு. பிரிமிதிவா புதுக் கத்தரிக்கோல் வாங்கி ரிப்பன் கட்டினாள்.

சந்தோஷத்தில் புத்தி மழுங்கிப்போனதோ என்னவோ, விருந்து நாளன்று முற்றத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "முடி வெட்டினதும் கடைசிச் சோதனைக்கு ஒரு குழாய் இரத்தம் எடுத்துக்கறேன்."

பசிலியாவின் கணவன் சத்தூர்னினோ கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான். "நீயும் இந்த ஊர்ப் பொண்ணுதானே, தெரியாதா? முடி எடுத்த கை அந்தப் புள்ளைகிட்ட இரத்தம் எடுக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணுதான்."

"அடுத்த மாசம் வேற யாராச்சும் வந்து எடுக்கட்டுமே அக்கா" என்றாள் பசிலியா, கெஞ்சுகிற குரலில்.

வேறு யார் இருக்கிறார்கள்? கிருமி மிச்சமிருந்தால் மாத்திரையை இப்போதே மறுபடி தொடங்க வேண்டும். பிள்ளை வளர வளர மருந்தின் பலன் குறையும். பிரிமிதிவா சிஸாவின் தலையை ஒருமுறை தடவினாள். கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு ஊசியை எடுத்தாள். முடியைச் சத்தூர்னினோவின் தங்கை வெட்டினாள். பிரிமிதிவாவுக்கு வாசலுக்குத்தான் சாப்பாடு வந்தது.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. மலையேறிப் போய்ச் சொன்னாள்: "கிருமி சுத்தமா இல்ல. புள்ள தப்பிச்சிட்டா."

பசிலியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகச் சொன்னாள்: "அப்போ இனிமே நீ இவ்வளவு தூரம் ஏறி வர வேண்டியதில்லையே அக்கா."

"ஆமா" என்றாள் பிரிமிதிவா. "இனிமே வேலை இல்ல."

அவள் இறங்கும்போது அந்த வீட்டு நாய் பாதி வழிவரை கூடவே வந்தது.