நிலப்பனை தேடிப் போய் ஏலநாற்று நட்டோம்

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை நிலப்பனை பார்க்கப் போடிமெட்டுப் பக்கம் போனோம். பெயரைக் கேட்டு மரம் என்று நினைக்க வேண்டாம். நிழலான மலைக்காட்டில் முழங்கால் உயரம்கூட வளராத, புல் போன்ற செடி. கிழங்கைச் சாப்பிடலாம். ஆசைப்பட்டது நான் இல்லை, என் அக்கா கலாவதி. இருபது வருடம் தாவரவியல் நடத்தியவள். செடியைப் பற்றி இன்னொருவரிடம் கேட்க மாட்டாள்.

காலை 6.30-க்குப் போடிநாயக்கனூரில் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் ஜீப்பில் ஏறினோம். ஆளுக்கு நூறு ரூபாய், சுமார் இருபது கிலோமீட்டர். உள்ளே பதினான்கு பேர். என் ஒரு கால்தான் தரையில் இருந்தது. மெட்டுக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் ஓட்டுநர் இறக்கிவிட்டு, வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் அவரே அனுமதியும் வாங்கித் தந்தார்.

"வேலை செய்றவுகள கேட்டா காட்டுவாக. மூணு மணிக்கு வெரசா வந்துருங்கக்கா, நிக்க மாட்டேன்" என்றார் ஓட்டுநர்.

"எம்.எஸ்சி. படிச்சுட்டு இதுக்கும் ஆள் கேக்கணுமா?" என்றாள் அக்கா. ஐந்து மணி நேரம் அலைந்தோம். என் காலில் ஏறிய அட்டைகளுக்கு உப்பு வைக்க ஒரு பாறையில் உட்கார்ந்தேன். பத்தே நிமிடம். அதற்குள் அவள் ஒரு பை நிறையப் பிடுங்கி, வெற்றியோடு வந்து நின்றாள்.

"யாத்தே! என்னக்கா செஞ்சீக?" களை எடுத்துக்கொண்டிருந்த செல்லத்தாய் என்ற பெண் ஓடி வந்தார். "அது ஏலநாத்து! நேத்துத்தான் பிரிச்சு நட்டேன். கங்காணி பாத்தா என்னையத்தான வேலைய விட்டு நிறுத்துவாரு!"

"வரிசையா நின்னுச்சே, சந்தேகம் வரலையா?" என்றேன் அக்காவிடம்.

"இயற்கையில அப்பிடியும் வளரும்."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கங்காணி வருகிறாரா என்று செல்லத்தாய் திரும்பித் திரும்பிப் பார்க்க, நான் பையை வாங்கிக் கவிழ்த்தேன். நாற்பத்தொரு நாற்று. அவர் குச்சியால் குழி போட, அக்கா நட்டாள். நான் ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன். முடிக்கும்போது மணி 3.20. ஜீப் போய்விட்டது.

எதைத் தேடினோம் என்று செல்லத்தாய் அப்போதுதான் கேட்டார். "நிலப்பனையா? என்னையக் கேட்டிருந்தா காலைலயே காட்டிருப்பேன்ல." நாங்கள் நாலு முறை நடந்த பாதையின் ஓரத்தில், நாலைந்து மடிப்பு இலைகள். மண்ணை ஒட்டி ஒரு மஞ்சள் பூ. ஒன்றே ஒன்று தோண்டித் தந்தார். மேலே கறுப்பு, உள்ளே வெள்ளை. முதலில் வழவழப்பு, அப்புறம் கசப்பு. இதற்காகத்தான் இவ்வளவும்.

போகிறவர்களுக்கு: ஆவணியில் பூ இருக்கும், அடையாளம் எளிது. உப்பும் மாற்றுத் துணியும் அவசியம். உள்ளூர்க்காரர் காட்டாமல் எதையும் பிடுங்காதீர்கள், வாயிலும் வைக்காதீர்கள். ஜீப்பை விட்டால் எங்களைப் போல மெட்டு வரை நான்கு கிலோமீட்டர் ஏறி நடந்து பஸ் பிடிக்க வேண்டும்.

கிளம்பும்போது அக்கா சேற்றுக் கையோடு செல்லத்தாய் முன் நின்று, "என் தப்புதாம்மா, மன்னிச்சிரு" என்றாள். ஐம்பது வருடத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. மெட்டு வரை நடந்த நாலு கிலோமீட்டரிலும், அவளைத் திட்டச் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை.