இரவல் சட்டையும் ஒரு துரும்பும்

வண்டியூர்த் தெப்பத்தன்று நான் முதலில் பார்த்தது அவரை அல்ல, அவர் போட்டிருந்த சட்டையை. மஞ்சள் பட்டு, வெள்ளிப் பொத்தான். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின தை மாதம். எனக்குப் பதினெட்டு வயது. தெப்பத்தில் வந்த சாமியைக்கூட ஒழுங்காகக் கும்பிடவில்லை. கட்டினால் இவரைத்தான் என்று மூன்று நாள் பட்டினி கிடந்து அய்யாவைச் சம்மதிக்க வைத்தேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் ஒருவர் வந்து சட்டையை வாங்கிக்கொண்டு போனார். இரவலாம்! பரவைச் சந்தைக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறவருக்குப் பட்டுச் சட்டை ஏது என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. கோபம் மட்டும் வண்டி வண்டியாக இருந்தது. அவரும் தெப்பத்தில் என் சிரிப்பைப் பார்த்துக் கட்டினவர்தான். விடிந்தால் போதும், என் முகம் உம்மென்று ஆகிவிடும். எட்டு மாதத்தில் பேச்சே நின்றுபோனது. பிரிந்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் சரி என்றார். அதற்கும் எனக்குக் கோபம்.

எங்கள் பக்கத்தில் பிரிவதென்றால் பெரியவர்கள் முன்னால் புருஷன் ஒரு வைக்கோல் துரும்பைக் கொடுப்பான். பெண்டாட்டி வாங்கிக்கொண்டால் உறவு தீர்ந்தது.

எங்களுக்கும் நாள் குறித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் கஞ்சி வடிக்கும்போது என் வலது உள்ளங்கை வெந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பேசாத புருஷனிடம் எப்படிச் சொல்வது? கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே, பெரியவர்கள் கூடியிருந்த சாவடிக்கு அய்யாவோடு போனேன்.

அவர் சந்தையிலிருந்து நேரே வந்து நின்றார். வண்டியிலிருந்து ஒரு துரும்பை உருவினார். நான் வீம்பாக வலது கையை நீட்டினேன். அவர் கை பாதியில் நின்றது.

"கையில குடுக்க மாட்டேன்," என்றார் பெரியவரிடம். "வெந்த கை, குத்தும். முந்தியில வாங்கிக்கச் சொல்லுங்க."

"எப்ப ஆத்தா வெந்துச்சு?" என்று அய்யா பதறினார். பெற்றவருக்கே தெரியவில்லை.

"ஒங்களுக்கு யாரு சொன்னது?" பிரியலாம் என்று சொன்னதற்குப் பிறகு, ஒரு மாதம் கழித்து அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"ரெண்டு நாளா எடது கையால தண்ணி மோக்குற. எனக்குக் கண்ணு இல்லையா?"

"இம்புட்டும் பாத்துக்கிட்டு, பிரிய ஏன் சரின்னீக?"

"நீதான கேட்ட?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஆளைப் போய் விடப் பார்த்தேனே என்று என் மேலேயே ஆத்திரம். துரும்பைப் பிடுங்கி வண்டி மாட்டின் வாயில் கொடுத்தேன். அது ஒரே மெல்லில் விழுங்கிவிட்டது.

"ஏத்தா, ஊரைக் கூட்டி வச்சு வெளையாடுறியா?" என்று பெரியவர் சத்தம் போட்டார்.

"ஆமாங்கய்யா. வெளையாட்டு முடிஞ்சு போச்சு. நாங்க வாரோம்."

வண்டியில் முன்னால் ஏறி, அவரை ஒட்டி உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் அப்படி உட்காரமாட்டாள். ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்துகொண்டேன்.

பாதி வழியில்தான் கவனித்தேன், அவர் அன்றைக்குச் சட்டையே போடவில்லை.