காலிக்கு உம்மா வரவில்லை

போன கிழமை ஒரு வேலையாகப் பொத்துவிலுக்குப் போயிருந்தேன். தேத்தண்ணிக் கடையில் பக்கத்து மேசைக்கு ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வந்தது. கூடவே, வெயிலுக்குப் பூசும் கிறீமின் வாசம். தேத்தண்ணியைத் தள்ளி வைத்தேன். சீனி காணாதாக்கும் என்று கடைக்காரர் இன்னொரு கரண்டி போட்டுவிட்டுப் போனார்.

அந்த வாசத்துக்குள் நான் சில வருடம் உழைத்திருக்கிறேன். உல்லாசப் பயணிகளின் கப்பலில் துவாய் மடிக்கிற வேலை. எங்கள் ஊரான சாய்ந்தமருதில் நான் கப்பலையே ஓட்டுவதாக ஒரு கதை உலவியது. நானும் அதைப் பெரிதாக மறுக்கவில்லை. கப்பல் எங்காவது நங்கூரமிட்டால் பயணிகளைப் படகில் இறக்கி, வழிகாட்டியோடு ஊர் சுற்றிக் காட்டுவார்கள். கூட்டத்தின் வாலில் தண்ணீர்ப் போத்தலும் குடையும் சுமக்க எங்களில் ஒருவன் போக வேண்டும்.

கப்பல் காலித் துறைமுகத்துக்கு வருகிறது என்றதும் மேலாளரிடம் கெஞ்சி அந்த வேலையை வாங்கினேன். என் நாடு என்பதால் எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்தார். நானோ காலியைக் கண்டதேயில்லை. எனக்கு வேண்டியது கோட்டையல்ல, வாப்பாவும் உம்மாவும். கோட்டை வாசலுக்கு வந்து என்னைப் பார்ப்பதாக இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். கரையில் முக்காடு போட்ட பெண்களையெல்லாம் உம்மாவாக்கிப் பார்த்தபடியே படகில் வந்தேன்.

வாசலில் மச்சான் மட்டும் நின்றார், எனக்கு மூத்தவளான ராத்தாவைக் கட்டியவர். கையில் தொதல் இனிப்புப் பார்சல்.

"வாப்பா எங்க மச்சான்?"

"முழங்கால் நோவு. பஸ்ஸில இரிக்க ஏலா." வழியெல்லாம் பாடமாக்கி வந்தவர் போல ஒரே மூச்சில் சொன்னார்.

"அப்ப உம்மா?"

அதற்கு அவரிடம் பாடம் இல்லை. "உம்மா எப்பிடி வாற? அவ இத்தாவில இரிக்காவே..." என்றவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

புருஷன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பதுதான் எங்களில் இத்தா. அந்த ஒரு சொல்லில் எனக்கு வாப்பா இல்லாமல் போனார்.

"போன மாசம். மீனுக்குப் போய், தோணியால வந்து படுத்தவர், எழும்பல்ல. 'கடல்ல தனியக் கிடக்கிற புள்ள, ஒருத்தரும் சொல்லிராதீங்க' எண்டு உம்மாதான் எங்கக்கிட்ட சத்தியம் வாங்கின."

வழிகாட்டிப் பெண் மஞ்சள் கொடியைத் தூக்கிவிட்டார். நடந்தேன். ஒல்லாந்தர் கட்டிய மதிலின் கனத்தை அவர் விளக்கினார். நான் போத்தல் திறந்து கொடுத்தேன். மச்சானையும் கப்பல் ஆள் என்று நினைத்து ஒரு மூதாட்டி தன் தொப்பியைக் கொடுத்தார். அவரும் அதைச் சுமந்து வந்தார். வெளிச்சவீட்டுக்கு எதிரே பள்ளிவாசலைக் கூட்டம் படமெடுத்த நேரத்தில் நாங்கள் இருவரும் உள்ளே போய் வாப்பாவுக்காகத் துஆக் கேட்டோம். வெளியே வந்தபோது, உள்ளேயும் அழகா என்று மூதாட்டி கேட்டார். ஓம் என்றேன்.

படகடியில் மச்சானின் கையைப் பிடித்தேன். "நானும் உங்களோட ஊருக்கு வாறன்."

"வேணா மச்சான். நீ வந்தா உம்மாக்கு விளங்கிரும். உனக்குத் தெரியாதெண்டதுதான் அவக்கு இப்ப ஒரே ஆறுதல். ஒண்டும் தெரியாதமாதிரி இரி."

படகில் ஏறினேன். அதைவிடப் பாரமான வேலையை நான் பிறகு செய்ததில்லை.

அடுத்த துறைமுகத்தில் வீட்டுக்குப் பேசினேன். வாப்பா எங்கே என்று கேட்டேன்.

"தொழப் பள்ளிக்குப் போயிட்டாரு மனே."

"சலாம் சொல்லுங்க உம்மா."

"ஓம், சொல்றன்."

பிறகு ஒவ்வொரு தடவையும் உம்மா அவரை எங்காவது அனுப்பிவைத்தார். கடலுக்கு, கல்முனைச் சந்தைக்கு, இறக்காமத்தில் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்கு. கேட்கக் கேட்க எனக்கும் அது பிடித்துப்போனது. தொலைபேசிக்குள் வாப்பா சுகமாக நடமாடித் திரிந்தார்.

ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று உம்மா என்னை இருத்தி, சொல்ல வாயெடுத்தார். "தெரியும் உம்மா. காலியிலயே தெரியும்" என்றேன்.

என் தலையைத் தடவிவிட்டார். பிறகு, "நீ தந்த சலாம் ஒண்டையும் நான் விடல்ல மனே. எல்லாத்தையும் அவருக்குச் சொல்லிட்டன்" என்றார்.

இப்போது உம்மாவும் இல்லை. வாப்பாவுக்குச் சலாம் சொல்லி அனுப்ப எனக்கு ஆளில்லை.