பாலம் கேட்ட அக்கா

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மலருக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வீட்டில் வந்தபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்காவின் கணவர், என் அத்தான், முன்னரே காலமாகிவிட்டார். கூடப்பிறந்தவர்களில் கனடாவில் இருப்பவள் நான் ஒருத்தி. மோர்னிங்சைட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரித்தும் ஆட்களைத் தூக்கி இருத்தியும் வேலை செய்பவள் நான். அக்காவைப்போல எழுத எனக்கு வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா வடமராட்சியில் ஒரு தோட்டக் கிராமத்தில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயாவுக்குப் புகையிலைத் தோட்டம். நான் பிறந்து சில வருடங்களில் அம்மா காலமானதால், என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அக்காதான். அக்கா படித்து முடித்ததும் எங்கள் கிராமசபைக் கந்தோரில் கிளாக்கராக வேலை கிடைத்தது. அந்தக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் அவர் என்று ஐயா சந்தையில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். சந்தையில் மரக்கறி விற்கும் பெண்கள் மழைக்கு ஒதுங்கக் கூரை கேட்டபோது, அவர்களுக்காக விண்ணப்பம் எழுதியது அக்கா. அதே விண்ணப்பத்தை மறுநாள் கந்தோரில் பெற்றுக்கொண்டு, பதிந்து, தலைவரின் மேசையில் வைத்ததும் அக்காதான். கூரை வர ஐந்து வருடம் எடுத்தது. ஐந்து வருடமும் மாதம் தவறாமல் ஞாபகக் கடிதம் போனது.

அத்தான் அப்போது பக்கத்துக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்தார். அதிகம் பேசாதவர். அவர்களுடைய கலியாணத்தை ஐயாவே பேசி முடித்தார். பிறகு நாட்டில் சண்டை வந்தது. கந்தோரும் எரிந்தது, சங்கக்கடையும் எரிந்தது. எண்பதுகளின் கடைசியில் இருவரும் ரொறன்ரோ வந்து சேர்ந்து, வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பாட்மென்ட்டில் குடியிருந்தார்கள். அத்தான் பிளாஸ்டிக் பக்டரியில் வேலை செய்தார். அக்கா ஒரு கொம்பனியில் மருந்துப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டினார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைகள் இல்லாமல்போன காலத்தில் அத்தானின் பக்டரியும் மூடப்பட்டது. அங்கே அவருடன் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர்தான் கடையைப் பற்றிச் சொன்னார். ரொறன்ரோவிலிருந்து வடகிழக்கே ஸ்ரௌவ்வில் என்ற இடத்தைத் தாண்டி, இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காரில் ஓட வேண்டும். கவுண்டி என்று சொல்லும் பழைய கமக்கார மாவட்டம் ஒன்றில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரேயொரு கடை. பின்பக்கம் வீடு, முன்பக்கம் கடை, கடைக்குள்ளேயே தபால் கொடுக்கும் மேசை. நடத்திய கிழவரும் மனைவியும் கடையை விற்றுவிட்டு இளைப்பாற விரும்பினார்கள்.

வெக்ஸ்போர்ட்டில் இருந்த ஒரு அங்கிள் கேள்விப்பட்டதும் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உங்களுக்கென்ன விசரே? கோயிலில்லை, தமிழ்ச் சனமில்லை. மாட்டுச் சாணியைத் தவிர அங்கை என்ன கிடக்கு?"

"எங்கடை ஊரிலை மட்டும் என்ன கிடந்தது, அங்கிள்?" என்றார் அக்கா.

கடையை வாங்கிக்கொண்டு இருவரும் அங்கே போனார்கள். பாலும் பாணும், ஆணியும் கம்பளிக் கையுறையும், முத்திரையும் விற்றார்கள். தூண்டில்காரர்களுக்காகக் குளிர்பெட்டியில் மண்புழுவும் இருந்தது. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் அக்கா அந்தப் புழு டப்பாக்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் போய்க் கைகழுவி வருவார். ஊர்ச்சனம் கெட்ட சனமில்லை. நெருங்கி வந்ததும் இல்லை. இலையுதிர் காலத்தில் ஊர் மண்டபத்தில் நடக்கும் பொது விருந்துக்கு அக்கா பருப்புவடை சுட்டுக்கொண்டு போனார். மரியாதைக்கு ஆளுக்கொன்று எடுத்தார்கள். அடுத்த வருடம், நீங்கள் கடதாசிக் கோப்பை கொண்டுவந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா கோப்பை கொண்டுபோனார்.

கடைக்கும் பெருந்தெருவுக்கும் நடுவில் ஒரு ஆறு ஓடுகிறது. அதன்மேல் பழைய இரும்புப் பாலம். ஒரு வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்து வந்து மோதியதில் பாலத்தின் தூண் ஆடிவிட்டது. அதிகாரிகள் வந்து இரண்டு பக்கமும் சீமெந்துக் கட்டைகளை வைத்து மூடினார்கள். யாரும் கடக்கக்கூடாது என்று நடுவிலிருந்த பலகைகளையும் கழற்றிக்கொண்டு போனார்கள். பெருந்தெருவுக்குப் போக வேண்டுமானால் இனி அரை மணித்தியாலம் சுற்ற வேண்டும். பாலம் ஊருடையது, ஊர்தான் திருத்த வேண்டும் என்றது கவுண்டி. கவுண்டிதான் திருத்த வேண்டும் என்றது ஊர்ச்சபை. அக்கரைக் கமக்காரர்கள் கடைக்கு வருவதை விட்டார்கள். எல்லோரும் முணுமுணுத்தார்கள். சபைக்குப் போய்க் கேட்க ஒருவரும் இல்லை. நிலத்தோடு மாரடித்தே களைத்துப்போன சனம்.

அடுத்த ஆண்டு ஒரு காலை நேரம், கடை வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பனியில் குந்திவிட்டார். அக்கா அம்புலன்சுக்கு ரெலிபோன் அடித்தார். அது விரைவாகவே வந்தது. ஆனால் அக்கரைக்கு வந்தது. பாலம் மூடியிருப்பது அந்தச் சாரதிக்குத் தெரியாது. அத்தானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வாகனம் நிற்பதையும், ஆட்கள் இறங்கி ஆற்றைப் பார்ப்பதையும், பிறகு திரும்பிப் போவதையும் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிவந்து ஏற்றிக்கொண்டு போகும் வழியில் அத்தான் போய்விட்டார். நேரத்துக்கு வந்திருந்தால் தப்பியிருப்பாரா என்று ஆஸ்பத்திரியில் நான் கேட்டேன். சொல்ல முடியாது என்றார் டொக்டர். அக்கா கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

ஸ்காபரோவில் செத்தவீடு நடந்தது. முப்பத்தொன்று முடிந்ததும், எங்களோடு இருங்கோ என்று நானும் என் கணவரும் கெஞ்சினோம். "தபால் ஆர் குடுக்கிறது?" என்று கேட்டுவிட்டு அக்கா திரும்பிப் போனார்.

அந்த மாதமே ஊர்ச்சபைக் கூட்டத்துக்கும் போனார். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஊர் மண்டபத்தில் அது நடக்கும். ஐந்து உறுப்பினர்கள், ஒரு பெண் செயலாளர். பொதுமக்கள் ஐந்து நிமிடம் பேசலாம். அக்கா சேலை கட்டி, மேலே தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு போவார். முன்பு கந்தோரிலிருந்து உதவி அரசாங்க அதிபருக்கு எழுதிய அதே ஆங்கிலத்தில் எழுதி வாசிப்பார். பள்ளிக்கூட பஸ் பிள்ளைகளைச் சுற்றிக் கொண்டுபோவது, பால் லொறி வர மறுப்பது, தீயணைக்கும் வண்டியின் நேரம், தனியே இருக்கும் வயதுபோன ஆட்கள். தலைவர் நன்றி சொல்லுவார். கவனத்தில் எடுக்கப்பட்டது என்று செயலாளர் எழுதுவார். இப்படியே மூன்று வருடத்துக்குக் கிட்டப் போனது.

கூட்ட நாட்களில் கடையைப் பார்த்துக்கொள்ள நான் லீவு போட்டுவிட்டு ரொறன்ரோவிலிருந்து கார் ஓடிக்கொண்டு போவேன். கூட்டம் முடிந்து வரும்போது அக்காவின் முகம் வெளுத்திருக்கும். கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றக்கூடச் சீவன் இருக்காது. அப்படி ஒருநாள் கேட்டேன்.

"அக்கா, ஒருக்கால் அத்தான்ரை கதையைச் சொல்லுங்கோவன். அண்டைக்கு அம்புலன்ஸ் அந்தப் பக்கம் நிண்டதை. அது போதும் அவைக்கு."

"வேண்டாம்."

"ஏன்? பொய்யே?"

"பொய்யில்லைப் பிள்ளை. பாலம் எல்லாருக்கும் வேணும். எனக்கு நடந்ததாலை தந்தினம் எண்டு வரக்கூடாது. பாவம் பாத்துத் தாறதை எத்தினை நாளைக்குத் தருவினம்?" குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றி வைத்தார். "அதோடை, அவர் என்ரை மனுசன். அவரைத் தூக்கிக்கொண்டு போய் அந்த மேசையிலை கிடத்த என்னாலை ஏலாது."

இனி எழுதப்போவதை எழுதத்தான் வேண்டுமா என்று பல நாள் யோசித்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு கூட்ட நாளில், அக்கா மண்டபத்துக்குப் போயிருந்த நேரம், ஒரு இளம் பெண் கடைக்குள் வந்து கோப்பி வாங்கினார். அந்தக் கவுண்டியில் வாரம் ஒருமுறை வரும் பத்திரிகையின் நிருபர் என்றார். உங்கள் அக்கா இந்தப் பாலத்தை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறா என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. என்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பனி தள்ளியது, மடியில் கிடத்தியது, அக்கரையில் வந்து நின்ற வாகனம், எல்லாவற்றையும். அவர் சிரிப்பதை நிறுத்தி எழுதத் தொடங்கினார்.

அடுத்த வாரம் முதற்பக்கத்தில் வந்தது. கடை வாசலின் படமும் போட்டிருந்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்து, ஆட்கள் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். மூன்று வருடம் ஒருவரும் வராத கூட்டம். கடையைப் பூட்டிவிட்டு நானும் போயிருந்தேன். அக்காவின் பெயரைக் கூப்பிட்டபோது அவர் எழுந்து, இன்று எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கவுண்டியோடு சேர்ந்து உடனே பாலத்தைக் கட்டுவதென்று ஐந்து பேரும் கையை உயர்த்தினார்கள். சனம் எழுந்து கைதட்டியது. அக்கா மடியில் இருந்த கடதாசியை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அந்த மாதத்துக்கு அவர் எழுதி வைத்திருந்த ஐந்து நிமிடம் அது.

வீட்டுக்கு வந்து எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, நீ இனிக் கடைக்கு வரவேண்டாம்."

நான் அழுதேன். அக்கா கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை. ரெலிபோன் எடுத்தால் "சுகமாயிருக்கிறன்" என்பார், வைத்துவிடுவார். பாலம் திறந்த செய்தி அக்காவின் பக்கத்துவீட்டு டொறதி எழுதிய கடிதத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது. டொறதி கணவரை இழந்தவர், தனியாக மாடு வளர்ப்பவர். நாடா வெட்ட அக்காவைக் கூப்பிட்டார்களாம். தபால் வரும் நேரம், கடையை விட்டு வர முடியாது என்று அக்கா சொல்லிவிட்டாராம்.

அந்தக் கடையில் அக்கா அதிக காலம் இருக்கவில்லை. வயிற்றுக்குள் பொல்லாத நோய் என்று கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. டொறதிதான் தன்னுடைய வாகனத்தில் அக்காவையும் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "இவவுக்கு உன்னிடம் வர விருப்பம். ஆனால் கேட்கமாட்டா" என்றார். கடைசி நான்கு மாதங்களும் அக்கா என்னோடு இருந்தார். முதியோர் இல்லத்தில் ஊராருக்குச் செய்யும் வேலையை வீட்டில் என் அக்காவுக்குச் செய்தேன். முதுகு நொந்தது. சில நாட்களில் எரிந்தும் விழுந்திருக்கிறேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் பகல், தலை வாரிவிடும்போது மன்னிப்புக் கேட்டேன்.

அக்கா கண்ணை மூடியபடியே சொன்னார்: "நீ சொன்னதாலை பாலம் வந்தது. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அது நான் சொல்லாமல் வச்சிருந்த கதை. எனக்கெண்டு மிஞ்சினது அதொண்டுதான்."

"தெரியும் அக்கா."

"தெரியாதடி. தெரிஞ்சிருந்தால் சொல்லியிருக்கமாட்டாய்." பிறகு கொஞ்சம் சிரித்தார். "பரவாயில்லை. இப்ப ஊருக்கே தெரியும். நான் செத்தபிறகு நீதான் எழுதப்போறாய். எழுதேக்கை நீ செய்ததையும் சேத்து எழுது. அரைகுறையா எழுதாதை."

அதனால்தான் எழுதினேன். அக்கா என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு தினமும் என் கையால்தான் கஞ்சி குடித்தார்.

அக்காவின் இறுதிக் கிரியைக்கு அந்த ஊரிலிருந்து பதினைந்து பேருக்கு மேல் வந்திருந்தார்கள். தேவாரம் பாடும்போது எழுந்து நிற்பதா, இருப்பதா என்று தெரியாமல் எங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். வாய்க்கரிசி போடும்போது அவர்களும் வரிசையில் வந்தார்கள். சபைச் செயலாளர் என் கையைப் பிடித்து, அக்கா வாசித்த கடிதங்கள் எல்லாவற்றையும் கோப்பில் வைத்திருப்பதாகச் சொன்னார். டொறதி வேறொன்று சொன்னார். பாலத்தோடு அலுவல் முடிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்களாம். அடுத்த மாதமும் அக்கா சேலை கட்டிக்கொண்டு வந்து, சவக்காலைப் பாதைக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஐந்து நிமிடம் பேசினாராம். அவர் நோயில் விழுந்த பிறகு அந்த ஐந்து நிமிடத்தை டொறதி எடுத்துக்கொண்டாராம். "எனக்கு இன்னும் குரல் நடுங்குகிறது" என்றார்.

அக்காவைப் பார்த்த டொக்டர்களுக்கும் தாதிமாருக்கும், வீட்டுக்கு வந்து ஊசி போட்ட பிள்ளைக்கும் நன்றி. கிரியைகளைச் செய்த ஐயருக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், எட்டாம் நாளும் இன்றும் சமைத்துத் தந்த வெக்ஸ்போர்ட், மோர்னிங்சைட் குடும்பங்களுக்கும் நன்றி. எனக்காக இரட்டை வேலை பார்த்த முதியோர் இல்லச் சிநேகிதிகளுக்கும், முகம் சுளிக்காமல் நின்ற என் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் நன்றி. அந்தக் கவுண்டிச் சனத்துக்கு இந்த மலரை வாசிக்கத் தெரியாது. என்றாலும் ஆளுக்கொன்று அனுப்புகிறேன். அக்கா எழுதியிருந்தால் ஒருவர் பெயரும் விடுபட்டிராது. விடுபட்டவர்கள் மன்னிக்க வேண்டும். நாங்கள் நன்றாகக் களைத்துவிட்டோம். இன்று கொஞ்ச நேரம் இருந்து, சாப்பிட்டுவிட்டுப் போங்கோ.

அன்புத் தங்கை
மோர்னிங்சைட், ரொறன்ரோ