எலியம்மாவின் கடைசி வசனம்

திருடி, வேலைக்காரி, சூனியக்காரி. கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைக்கும் என் அக்காவுக்கு இத்தனை வருஷமும் கிடைத்தது இவ்வளவுதான். இளவரசிக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை. கால்வாய்க்கரைப் பேச்சு நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். ஒட்டாமல் என்ன செய்யும், இன்றைக்கும் அங்கேதானே குடியிருக்கிறோம்.

அவள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் 'திருடி மகள்' என்று பட்டப்பெயர். அது தெரிந்ததிலிருந்து அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே ஒரு தடவை நல்லவளாகப் பேசி, அதை மகள் தியேட்டரில் கேட்டுவிட வேண்டும் என்று தவித்தாள்.

அப்போதுதான் அவளுக்கு எலியம்மா வேடம் வந்தது. குடும்பத்தோடு பார்க்கிற துப்பறியும் படம். மிருகங்களின் நகரத்தில் மணிக்கூண்டின் தங்க மணி காணாமல் போகிறது. பழி முழுக்கச் சாக்கடையோர எலியம்மா மேல். கடைசியில் பார்த்தால் எடுத்தவர் நகரத் தலைவர் சிங்கம். ஊரே எலியம்மாவைத் தலைவியாக்க, அவள் மேடையேறிப் பேசுகிறாள். எளியவர்களுக்கு இடம் கொடுத்த படம் என்று எடுத்தவர்கள் பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்கள்.

அந்த மேடை வசனத்தை அக்கா அடுப்படியில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மகள் ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னொரு டேக்" என்று அம்மாவின் உயிரை வாங்கினாள்.

சாக்கடைக் காட்சிகள் முடியும்வரை டப்பிங் இயக்குநருக்கு அக்காவின் பேச்சு தேனாக இனித்தது. இன்னும் கொச்சையாக, இன்னும் கொச்சையாக என்று பிழிந்தெடுத்தான். மேடைக் காட்சி வந்ததும், இனிமேல் சுத்தமாகப் பேசு என்றான். அதே எலிதானே, சட்டைகூட மாத்தலையே என்று அக்கா கேட்டிருக்கிறாள். அவன் காதிலேயே வாங்கவில்லை. முயன்று பார்த்தாள், வரவில்லை. தன் பேச்சிலேயே பேசி முடித்தாள். பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் சொன்னதை இந்த அசடு சம்மதம் என்று எடுத்துக்கொண்டது.

வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்காகப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். எலியம்மா மேடையேறி வாயைத் திறந்தாள். வேறொருத்தியின் குரல் வந்தது, வழவழவென்று. மகள் என் பக்கம் சாய்ந்து, "சித்தி, அம்மாவைக் காணோமே" என்றாள்.

வெளியே அந்த டப்பிங் இயக்குநர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, படம் பிடிச்சதா பாப்பா என்று அவள் கன்னத்தைத் தட்டினான்.

"திருடின்னு சொன்னப்ப எங்கம்மா. தலைவியானதும் வேற ஆளா?"

அவன் சிரித்தான். "பதவிக்கு ஏத்த மாதிரி பேச வேணாமா? அதெல்லாம் உனக்குப் புரியாது."

அக்கா அவன் கையைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டாள். அத்தனை பேர் முன்னாலும், அந்த மேடை வசனத்தை அடுப்படியில் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"நான் சாக்கடையோரத்துலேர்ந்து வர்றேன். உங்க மணிய நான் எடுக்கல. இனிமே இந்த நாற்காலியில நான்தான் உக்காருவேன்."

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றோடு அவளுக்குத் திருடி வேடம்கூட இல்லாமல் போனது.

பஸ் நிறுத்தத்துக்கு மூன்று பேரும் நடந்தோம். அங்கே மகள் அம்மாவின் முந்தானையை இழுத்தாள்.

"டேக் ஓகேம்மா" என்றாள்.