கர்னலுக்குள் கட்டிய சுவர்

கேரள எல்லையிலிருக்கும் பனச்சமூட்டில் என் அண்ணன் நடத்தும் ஸ்கேன் சென்டரின் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் படித்த தங்கைக்கு அண்ணன்மார் கொடுக்கும் சம்பளமில்லாத உத்தியோகம். அங்கே எடுக்கும் படங்களைத் திருவனந்தபுரத்திலிருக்கும் டாக்டர் பார்த்து ரிப்போர்ட் தருவார். படங்கள் போவது ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி வழியாக. டாக்டரின் கணினி அந்தப் பெட்டியைத் தவிர வேறெதையும் உள்ளே விடாது.

அந்தப் பெட்டியில், வெளியிலிருந்து நுழைபவர்களைத் தடுக்கும் ஃபயர்வால் மாட்யூலாக இருந்தது. அதாவது, இயங்குதளத்தின் உயிரான கர்னலுக்கு வெளியே தனிக் கோப்பாகக் கிடக்கும். பெட்டி எழும்போது அதைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு அப்டேட்டில் அந்தக் கோப்பே காணாமல் போனது. பெட்டியோ ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. காவலே இல்லாமல் ஒரு பகல் முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது. யார் யாரோ நுழையப் பார்த்த தடங்களைக் கண்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாட்யூலும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று கர்னலைப் புதிதாகக் கட்ட உட்கார்ந்தேன்.

கட்டும்போது ஒவ்வொரு வசதிக்கும் மெனு கேட்கும்: உள்ளேயே வைக்கவா, மாட்யூலாக வைக்கவா, வேண்டாமா? ஃபயர்வாலை உள்ளே வைத்தேன். அப்போது பெட்டியில் என்னென்ன சாதனங்கள் செருகியிருந்தனவோ அவற்றை இயக்கும் டிரைவர் நிரல்களையும் உள்ளே வைத்தேன். மற்றதெல்லாம் வேண்டாம். மாட்யூல் சேர்க்கும் வழியையே அடைத்துவிட்டேன். இனி எவன் வருவான் பார்க்கலாம் என்று ஒரு திமிர்.

எல்லையில் இருக்கும் நாங்கள் எதற்கும் இரண்டு மாநிலத்திலும் ஒரு கை வைத்திருப்போம். இந்தப் பக்கம் கரண்ட் போனால் அந்தப் பக்கம் இருக்கும். அண்ணனும் கேரள இன்டர்நெட் கேபிள் போதாதென்று தமிழ்நாட்டு சிம் போட்ட இன்டர்நெட் டாங்கிள் ஒன்று வாங்கி, அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கக் கூரையில் ஆன்டெனாவும் வைத்திருந்தான். கேபிள் போனால் செருகிக்கொள்ளலாம் என்று டாங்கிளை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டான். என்னிடம் மூச்சு விடவில்லை.

பெருமழை பெய்த ஒரு மத்தியானம், எங்கோ மரம் விழுந்து கேபிள் அறுந்தது. கரண்டும் இந்தப் பக்கத்து மொபைல் சிக்னலும் சேர்ந்தே போயின. ஜெனரேட்டரில் ஸ்கேன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, அயினி மரத்திலிருந்து விழுந்த ஒருவரை ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ஜீப்பில் கொண்டுவந்தார்கள். பேசிக்கொண்டே வந்தவர் மேசையில் படுத்ததும் வாந்தி எடுத்தார். தலையைப் படம் எடுத்தாயிற்று. மூளையில் ரத்தம் கட்டியிருந்தால் நேரே திருவனந்தபுரம் போக வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி போதும். அந்த மழையில் குலுங்கக் குலுங்கத் தூரம் கொண்டுபோவதே ஆபத்து. டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அண்ணன் டிராயரைத் திறந்து டாங்கிளைச் செருகினான். பெட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது எப்பம் வாங்கினது?" என்றேன்.

"போன மாசமாக்கும். ஏன், என்ன?"

"இதுக்க டிரைவரு உள்ள இல்ல. எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீ கேட்டியா? இருந்ததையெல்லாம் வெட்டி எறிஞ்சது நீயாக்கும்!"

நான் சும்மா விடுவேனா? டிராயருக்குள் பூட்டி வைத்தால் எனக்கென்ன ஜோசியமா தெரியும் என்று கத்தினேன். அவனும் கத்தினான். சின்ன வயதிலிருந்தே எங்களுக்குச் சண்டை வந்தால் பக்கத்தில் ஆள் நிற்பது தெரியாது. அந்த மனிதரின் மனைவி கதவருகே வந்து நின்றதும் தெரியவில்லை.

"எனக்க ஆளு விளிச்சா கேக்கல்ல," என்றார் அவர்.

கூப்பிட்டும் அவருக்கு நினைவில்லை என்று புரிந்ததும் நான் பெட்டியின் பக்கம் திரும்பினேன். பழைய கர்னலை நான் அழிக்கவில்லை. அதில் டாங்கிள் ஓடும், ஃபயர்வால் கிடையாது.

"காவல் இல்லாம திறக்கப் போறேன்."

"எனக்க மெஷினுக்குள்ள எவனாவது கேறினா?" என்று அண்ணன் என் கையைப் பிடித்தான்.

"கேறட்டு. கைய விடு."

விட்டான். நோயாளிகளின் பழைய படங்கள் இருந்த கணினியின் வயரை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டு, பெட்டியைப் பழைய கர்னலில் எழுப்பினேன். டாங்கிளில் பச்சை விளக்கு வந்தது. படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. கடவுளே, சீக்கிரம், சீக்கிரம் என்று வாய்விட்டே சொன்னேன். அண்ணன் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றான். பதில் திரையில் வந்தது: ரத்தக்கட்டு, உடனே அறுவை, நேரே இங்கே கொண்டுவரவும். ஜீப் புறப்பட்டுப் போனபிறகு டாங்கிளைப் பிடுங்கினேன்.

அவர் பிழைத்தார். அடுத்த ஸ்கேனுக்கு வந்தபோது மனைவியின் தோளைப் பிடித்தே நடந்தார். வலது கை தொங்கியது. பேச வாயெடுத்தவருக்கு ஒரு சத்தம் மட்டும் வந்தது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் கை மிஞ்சியிருக்கும் என்று திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். மரங்கள் விழுந்து கிடந்த வழியைத்தான் அந்த அம்மாள் குறை சொன்னார்.

"மக்கா, நீ வேகம் அனுப்பினதுனாலயாக்கும் ஆளு உயிரோட உண்டு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் கத்தியதை வாசலில் நின்று கேட்டவர் அவர். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்; என் கையை அவர் விடவில்லை.