மலை விழவில்லையே என்று வருந்திய மனிதர்

மண்டியில் புளி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கல்வராயன் மலையிலிருந்து லட்சுமி. ஆடு வளர்க்கிற பெண். எனக்குப் புளியும் கடுக்காயும் கொண்டுவந்து போடுகிறவர். வழக்கமாக விலையைக் கேட்டுச் சண்டை போடத்தான் கூப்பிடுவார். அன்றைக்குக் குரல் உள்ளே போயிருந்தது. “பாய், பாஸ்டரு பூட்டாருங்க. காலைல டீ குடிச்சிக்கினே அப்படியே சாஞ்சிட்டாராம்” என்றார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன் என்று வாய் தானாகச் சொன்னது. மூட்டை தூக்குகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்கள். கடையைச் சாத்தச் சொல்லிவிட்டு அடிவாரத்துக்கு வண்டியை எடுத்தேன்.

அடிவாரத்துச் சபையார் இந்த நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் பள்ளிவாசலுக்குப் போகிறவன், சர்ச் மலரில் எனக்கென்ன வேலை என்று கேட்டேன். “அவரோட நீங்க போட்ட சண்டைய வேற யாரும் போடலியே பாய்” என்றார் சபைச் செயலாளர். அது சரிதான். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்டர் எபினேசர் சாந்தமானவர், பொறுமைசாலி என்றெல்லாம் என்னால் எழுத முடியாது. உங்களுக்கே தெரியும், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். பாட்டுக் குழுவில் ஒருவர் ராகத்தை இழுத்தார் என்பதற்காக அந்த மனிதரோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர். நைனார்பாளையத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவருக்கு ஏரோட்டும்போது மாட்டை அதட்டுகிற குரல் பிரசங்கத்திலும் போகவில்லை. அப்படிப்பட்ட ஆளைப் பார்த்துத்தான் நான் வாயடைத்து நின்றிருக்கிறேன்.

எங்கள் சண்டை எல்லாம் ஒரே ஒருவரைப் பற்றித்தான். எங்களுக்கு யூனுஸ் நபி, அவருக்கு யோனா. ஓர் ஊர் அழியப்போகிறது, போய் எச்சரி என்று ஆண்டவன் அனுப்புகிறான். அவர் கோபித்துக்கொண்டு வேறு பக்கம் கப்பல் ஏறுகிறார், மீன் விழுங்கிக் கரையில் உமிழ்கிறது, ஊர் திருந்துகிறது, ஆண்டவன் மன்னித்துவிடுகிறான். இதுவரைக்கும் நானும் பாஸ்டரும் ஒன்று. அதற்குப் பிறகு அவருடைய வேதத்தில் ஒரு பகுதி வருகிறது. நான் சொன்னது நடக்கவில்லையே என்று யோனா ஊருக்கு வெளியே உட்கார்ந்து கோபப்படுகிறார். இந்த இடம் வந்தால் எனக்குப் பொறுக்காது. “நபிமாரக் கொற சொல்லாதீங்க பாஸ்டர், எனக்குக் கோவம் வரும்” என்பேன். “கொற சொல்லல பாய். இவ்ளோ கோவக்காரன ஆண்டவர் வேலைக்கு வெச்சிக்கினாரே, அப்ப எனக்கும் எடம் இருக்குன்னு சொல்றேன்” என்பார். டீ ஆறிப்போகும். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

மலைமேல் லட்சுமியின் ஊர் சின்னது. சில வீடுகள் சபையைச் சேர்ந்தவை, மற்றவர்கள் மலைத் தெய்வமான கரியராமனைக் கும்பிடுகிறவர்கள். பாஸ்டர் எல்லா வீட்டுக்கும் போவார். காய்ச்சல் மாத்திரை கொடுப்பார், குடிக்கிற ஆண்களைத் திட்டுவார், களி கொடுத்தால் சாப்பிடுவார். சில வருஷங்களுக்கு முன் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வீடுகளுக்கு மேலே சரிவில் ஒரு விரிசல் ஓடியிருப்பதை அவர் பார்த்துவிட்டார். விரிசலுக்குள் விட்ட கை முழங்கை வரை இறங்கியதாம். அவ்வளவுதான், ஊர் நடுவில் நின்று ஒரே கூச்சல். “இன்னிக்கு மலை வுழும். கட்டின துணியோட கெளம்புங்க. ஆடு, கோழின்னு யாராவது நின்னீங்கன்னா நான் பொறுப்பில்ல!” ஊர்க்கவுண்டர் பொன்னுசாமி தயங்கினார். மலைக்காரர்கள் பட்டியை விட்டு வருகிறவர்கள் இல்லை. வீட்டு ஆளை விட்டு வந்தாலும் வருவார்கள், ஆட்டை விட்டு வரமாட்டார்கள். பாஸ்டர் போட்ட சத்தத்தில் பயந்துபோய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வந்தார்கள்.

மலை விழவில்லை. மழையும் நின்றது. வெயில் பளிச்சென்று அடித்தது. நான் அவர்களுக்கு அரிசியும் பருப்பும் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். பாஸ்டரைக் காணோம் என்றார்கள். தேடிப் போனால், மலை தெரிகிற மாதிரி ரோட்டோரம் ஒரு மதகின்மேல் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஆமணக்குச் செடிகள். கண் சரிவைவிட்டு அசையவில்லை. டீயை நீட்டினேன். வாங்கவில்லை. “வுழலியே பாய்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் முகத்தில் இருந்தது நிம்மதி இல்லை. நான் அதை எப்படி மறைத்து எழுதுவேன்? ஏமாற்றம். சுத்தமான ஏமாற்றம். “இன்னா பேசறீங்க? வுழலன்னா சந்தோசம்தானே!” என்றேன். “சந்தோசமா இருக்கணும். இல்லியே! நான் இனிமே இன்னான்னு மூஞ்சிய காட்டுவேன் இந்த ஜனத்துக்கிட்ட?” என்றார். டீயை நானே குடித்தேன்.

மூஞ்சியைக் காட்டுவதுதான் பிறகு கஷ்டமாகிவிட்டது. ஜனங்கள் திரும்பிப் போனபோது பட்டியில் நரி புகுந்திருந்தது. லட்சுமியின் ஆடுகளில் பாதிக்குமேல் போயிருந்தன. குட்டிகளில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண்ணுக்கு இருந்த சொத்தே அதுதான். அவர் மண்ணை வாரித் தூற்றினார் என்று கேள்விப்பட்டேன். பாஸ்டர் மலைப்பக்கம் போகவில்லை. சபையில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எரிந்து விழுந்தார்.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம், என் மச்சானை ரயிலேற்றச் சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பிளாட்பாரத்து பெஞ்சில் பாஸ்டர், மடியில் பை. விருத்தாசலம் போய் வண்டி மாறிச் சென்னைக்கு, மகள் வீட்டுக்குப் போகிறாராம். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். தண்டவாளத்தையே பார்த்தார். என் வாய் சும்மா இருக்குமா? “கப்பல் ஏறப் போறீங்களா பாஸ்டர்? பாத்துங்க, மீன் கீது முழுங்கிடப் போகுது” என்றேன். வழக்கமாகச் சிரிப்பார், இல்லாவிட்டால் திட்டுவார். அன்றைக்கு இரண்டும் இல்லை. வண்டி வந்தது, ஏறினார், போயே போய்விட்டார்.

கார்த்திகையில் மறுபடி மழை. வானம் இருட்டிக்கொண்டு கோமுகி ஆற்றில் செந்தண்ணீர் வந்தது. மண்டி வாசலில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். தொப்பலாக நனைந்தபடி பாஸ்டர் வந்து நின்றார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே வருகிறார், வீட்டுக்குக்கூடப் போகவில்லை. வந்ததும் வராததுமாக, “பாய், லோடு வண்டி காலியா இருக்குதா?” என்றார்.

“எதுக்கு?”

“ஆடு ஏத்தணும்.”

நான் முழித்தேன். அவரே சொன்னார். “மக வூட்ல சும்மா உக்காந்துகினு யோனாவத்தான் திருப்பித் திருப்பிப் படிச்சேன். எத்தினி வருசமா அதப் பிரசங்கம் பண்றேன் தெரியுமா? கடைசில ஆண்டவர் இன்னா கேக்கறாரு? இவ்ளோ ஜனம் இருக்குதே, இவ்ளோ ஆடு மாடு இருக்குதே, நான் பரிதாபப்பட மாட்டனான்னு கேக்கறாரு. ஆடு மாடு பாய்! கடைசிப் பேச்சே ஆடு மாடுதான். நான் அங்க நின்னுகினு ஆட்ட வுடு, ஆட்ட வுடுன்னு கத்திட்டு வந்திருக்கேன்.” மழையில் அவர் கண்ணில் வழிந்தது எது என்று எனக்குத் தெரியவில்லை. வண்டிச் சாவியை எடுத்தேன்.

மலை ஊருக்குள் நாங்கள் போனபோது ஒருவரும் வெளியே வரவில்லை. பாஸ்டர் நேரே லட்சுமியின் வீட்டு வாசலுக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நின்றார். உள்ளேயிருந்து குரல்தான் வந்தது. “மலை வுழும்னீங்க. வுழல. என் ஆடுதான் பூடுச்சி. இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?”

“தப்பு என்னுதுதாம்மா” என்றார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. “ஆட்ட வுடச் சொன்னது நான். அதுக்கு மன்னிச்சிக்கம்மா. இந்தத் தடவ வண்டி கொண்டாந்திருக்கேன். ஆடு, கோழி, எல்லாத்தையும் ஏத்திக்கினு வாங்க.”

லட்சுமி வெளியே வந்தார். ஊர்க்கவுண்டர் பொன்னுசாமியும் வந்து நின்றார். “இந்தத் தடவயாவது மலை நெசமாலும் வுழுமா?” என்று லட்சுமி கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார்.

“தெரியாதும்மா. வுழக் கூடாதுன்னு வேண்டிக்கினேதான் வந்தேன். வுழலன்னா ஊரே என்னப் பாத்து சிரிங்க. சிரிக்கறதுக்கு நீங்க இருக்கணும்ல?”

பொன்னுசாமிதான் முதலில் அசைந்தார். தன் பட்டியின் படலைத் திறந்தார். லட்சுமி கொஞ்சநேரம் பாஸ்டரின் சேற்றுக் காலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிஞ்சியிருந்த ஆடுகளை அவிழ்த்தார். நான் கடா ஒன்றைத் தூக்கப்போய் முட்டு வாங்கியதைப் பார்த்துச் சிரித்தது முதலில் அந்தப் பெண்தான். தோற்றுப்போன வார்த்தையோடு, அந்த வார்த்தையால் நஷ்டப்பட்ட ஜனத்திடமே ஒரு தலைவன் இரண்டாம் தடவை போய் நிற்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கட்சிக்காரர்களில் பார்த்ததில்லை, எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் பார்த்ததில்லை, சத்தியமாக என்னிடமும் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆட்டை விட மாட்டோம் என்றுவிட்டார்கள். பாஸ்டர் சர்ச்சைத் திறந்துவிட்டார். கமிட்டியார் கொதித்தது உங்களுக்கு நினைவிருக்கும், அதில் சிலர் இதைப் படிக்கிறீர்கள். “ஆலயத்துல ஆடா?” என்று கேட்டவருக்கு, “நம்ம ஆண்டவர் பொறந்ததே மாட்டுக் கொட்டாய்ல. புழுக்கைய நான் பெருக்கறேன், நீங்க ஏன் பதர்றீங்க?” என்றார். சொன்னபடி அவரே துடைப்பம் எடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாசலோரம் நின்று பார்த்தேன். வெள்ளை அங்கியோடு அவர் நிற்கிறார். ஒரு வெள்ளாடு மேஜைப் பூவைத் தின்றுகொண்டிருக்கிறது. பிரசங்கம் ரொம்பச் சின்னது, ஆடுகள் பேசவிட்டால்தானே! “மலை வுழலன்னு நான் வருத்தப்பட்டேன். சபையார் முன்னாடி சொல்றேன். என் வார்த்த நெலைக்கணும்னு உங்க வூடு இடியறத எதிர்பாத்துகினு உக்காந்திருந்தேன். முன்னாடி நிக்கறவன் தன் பேச்ச பாக்கக் கூடாது, ஜனத்த பாக்கணும். எனக்கு அது லேட்டாத்தான் தெரிஞ்சிச்சு.” லட்சுமி கடைசி வரிசையில், புதிதாகப் பிறந்த குட்டி ஒன்றை மடியில் வைத்திருந்தார். நான் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தத் தடவையும் மலை விழவில்லை. அதற்கடுத்த வருஷமும் விழவில்லை. ஒவ்வொரு அடைமழைக்கும் பாஸ்டர் ஏறினார், ஜனங்கள் ஆடு மாடோடு இறங்கினார்கள், வெயில் வந்ததும் திரும்பிப் போனார்கள். அவர் ஒன்றும் மகான் ஆகிவிடவில்லை. பாட்டுக் குழுக்காரரோடு கடைசிவரை சரியாகப் பேசவில்லை. மண்டிக்கு வந்தால் புளியில் கொட்டை ஜாஸ்தி என்று என்னைத் திட்டாமல் போனதில்லை.

அவரை அடக்கம் செய்த கொஞ்ச நாளிலேயே இந்த வருஷத்து மழை தொடங்கிவிட்டது. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவர் சொல்லுக்கு வந்தார்கள், அவர் இல்லை. இனி யார் சொல்லி வருவார்கள்? வராமல் இருந்து, இந்த வருஷம் பார்த்து மலை விழுந்துவிட்டால்? விடிந்ததும் லோடு வண்டியை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் ரோட்டில் ஏறினேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். பாதி மலையில், ஒரு வளைவு திரும்பியதும் பிரேக்கை அழுத்தினேன். ரோடு முழுக்க ஆடு. முன்னால் லட்சுமி, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு. பின்னால் பொன்னுசாமியும் ஊரும். “இன்னா பாய், இவ்ளோ லேட்டா வரீங்க? ஆயாமாரெல்லாம் நடக்க முடியாம பின்னால வந்துகினு இருக்காங்க, போய் ஏத்திக்கினு வாங்க” என்று லட்சுமி அதட்டினார்.

பாஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வேலைதான். மழை பிடித்தால் வண்டி எடுப்பது. நேற்று கள்ளக்குறிச்சி டீக்கடையில் ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார், “இன்னா பாய், பாஸ்டருக்கு பதிலா நீங்களா? மலை வுழுந்துச்சா?” கடையே சிரித்தது. முன்பெல்லாம் இப்படி யாராவது சிரித்தால் நான் டம்ளரை வைத்துவிட்டுச் சண்டைக்குப் போகிற ஆள்.

“இன்னும் வுழலீங்க” என்றேன். “அல்ஹம்துலில்லாஹ்.”